மூன்று இரவு பாடகர் முகாம்: ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பலாமா?

கடலோரத்து அம்மா

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், மே விடுமுறையில் சிறுவர் பாடகர் முகாம் நடத்துகிறார்கள். மூன்று இரவு அங்கேயே தங்க வேண்டும். சேகரத்துப் பள்ளி விடுதி விடுமுறையில் காலியாக இருப்பதால் அதில்தான் முகாம். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை சேர்க்கிறார்கள். கடைசி நாள் ஞாயிறு ஆராதனையில் பாமாலையும் (மேல்நாட்டு மெட்டில் பாடுவது) கீர்த்தனையும் (ராகம், தாளத்தோடு பாடுவது) பிள்ளைகளே பாடி நடத்துவார்களாம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பாட்டு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் என்னையோ பாட்டியையோ விட்டுத் தனியே படுத்துப் பழக்கமில்லாதவள். அவள் அப்பா கப்பல் வேலையில் இருக்கிறார். "உன் மனதுக்குச் சரி என்று பட்டதைச் செய்" என்று சொல்லிவிட்டார். மாமியார், "பகலில் விட்டுவிட்டு இரவு கூட்டிக்கொண்டு வந்துவிடு" என்கிறார். நடத்துகிறவர்களோ, தங்குகிற பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்போம் என்கிறார்கள். பாட்டுப் படிக்க இரவு எதற்கு? பிள்ளைகளை அனுப்பியவர்களும் நடத்தியவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சோல்ஃபா வாத்தியார்

சகோதரி, நான் ஒரு சேகரத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவன். பிள்ளைகளுக்கு முகாமும் நடத்தியிருக்கிறேன். இரவு எதற்கு என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

வாரப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆராதனை முடிந்து பிள்ளைகள் பசியோடு நிற்பார்கள். வாசலில் அப்பா பைக்கோடு காத்திருப்பார். கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில், போன வாரம் படித்ததை நினைவுபடுத்தவே பாதி போய்விடும். மீதி நேரத்தில் ராகம் வரும், வார்த்தை வரும். பக்கத்துப் பிள்ளையின் குரலைக் காதில் வாங்கி, தன் குரலை அதோடு சேர்த்துவைக்கும் பழக்கம் வராது. அதற்கு நிதானம் வேண்டும். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து எழுந்து, ஒருவரையொருவர் கூச்சமில்லாமல் பார்க்கிற பிள்ளைகளிடம் அது இரண்டாம் நாளே வந்துவிடுகிறது. சனிக்கிழமை காலையில் அவர்கள் மூச்சு எடுப்பதைக் கேட்டாலே தெரியும். யாரும் கை காட்டாமலே ஒன்றாக எடுப்பார்கள்.

காலையில் ஆல்டோ வரியை, அதாவது மேல் குரலான சோப்ரானோவுக்குக் கீழே வரும் இரண்டாம் குரலை, சொல்லிக்கொடுப்பேன், தடுமாறுவார்கள். மாலையில் மறுபடி ஒரு முறை. மறுநாள் எழுந்ததும் பாடச் சொன்னால், முந்தின நாள் வராத இடம் பாதிப் பேருக்குத் தானாக வரும். படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்கிறது. ஆகவே தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான். பிள்ளைகளைப் பதினொரு மணி வரை விழிக்கவைக்கிற முகாம் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று, நம் வட்டாரத்துப் பாடகர் குழுக்கள் பலவற்றில் இன்றும் டோ, ரே, மீ என்ற டானிக் சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்துத்தான் பாடுகிறோம். இங்கிலாந்தில் நாரிச் ஊரைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கிவைத்ததை, ஜான் கர்வென் (1816–1880) என்ற போதகர் விரிவாக்கினார். அவர் மனதில் வைத்திருந்தது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை வைத்தார்: டோவுக்கு மூடிய முட்டி, மீக்குத் தரைக்கு இணையாக நீட்டிய உள்ளங்கை, இப்படி. எழுதப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளையும் கையைப் பார்த்துச் சுரம் பிடித்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை காட்டினால் மறந்துபோகும் சைகைகள், முகாமில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே விளையாட்டாகப் பழகிவிடும்.

கீர்த்தனைக்கும் இப்படித்தான். புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கு மேலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறது. ஆனால் தாளம் போட்டுப் பாடுகிற வழக்கம் பல சபைகளில் போய்விட்டது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வந்த சொத்து அது. ஆதி தாளத்தை, ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு எண்ணிக்கையாகத் தொடையில் போடவைத்துப் பல்லவியைப் பாடச் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளையும் ஓடாமல் பாடும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணியில் நான் எங்கே செய்வது?

அனுப்புங்கள் என்பதுதான் என் கருத்து. அதற்கு முன் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரையிலான நேரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பாட்டுப் பட்டியலை எல்லோரும் கொடுப்பார்கள். இந்தப் பட்டியலைக் கொடுக்க முடியாதவர்களிடம் பிள்ளையை விடவேண்டாம்.

இரவுப்பணிச் செவிலி

வாத்தியார் சொன்ன அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். குழந்தைகள் பிரிவில் இரவு வேலை பார்க்கிறவள். முகாம்களுக்கும் உதவிக்குப் போயிருக்கிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. ஐந்தரைக்கு எழுப்பிக் காலை ஜெபம் என்றால், எட்டரைக்கு விளக்கு அணைய வேண்டும். எத்தனை முகாமில் அணைகிறது? கேளுங்கள்.

பெண்பிள்ளைகள் அறையில் யார் படுக்கிறார்கள்? "அக்காமார் இருப்பார்கள்" என்பது பதில் ஆகாது. பெரிய பெண்கள் இரண்டு பேர், பெயர் தெரிந்து, உங்கள் சபைக்குப் பழக்கமானவர்களாக இருக்க வேண்டும். தனியாக ஒரே ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. இந்த விதி நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான், அவர்களுக்கும் அது பாதுகாப்பு. கழிப்பறை அறையை ஒட்டி இருக்கிறதா, முற்றத்தைத் தாண்டி இருட்டில் போக வேண்டுமா? பயந்துகொண்டு போகாமல் அடக்கிப் படுத்து, படுக்கையை நனைத்துவிட்டு, விடிய விடிய ஈரத்தில் கிடந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அன்று முழுக்கப் பாடவில்லை. யாருக்கும் தெரியாமல் விரிப்பை மாற்றிக் கொடுக்கிற ஒரு பெரியம்மா இருந்தால் போதும், முகாம் நல்ல முகாம்.

பத்து, பதினோரு வயதுப் பெண்களுக்கு முதல் மாதவிடாய் முகாமிலேயே வந்துவிடலாம். அதற்கு வேண்டியதை எடுத்துவைத்திருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, வேர்க்கடலை ஒவ்வாமை எல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அவசரத்தில் காற்றோடு போகும்.

விடுதிக் கதவை இரவில் பூட்டுவார்கள். சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பள்ளித் தீயில் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. இந்தக் கேள்விக்கு யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மறைக்கல்வி ஆசிரியை

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பங்குக் கோயிலில் இதைப் பாசறை என்போம். பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறாருக்கும் பாடகர்குழுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடத்துவோம். புதுப் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு ஒரே ஓர் இரவுதான். அடுத்த ஆண்டு இரண்டு. இப்படி வைத்த பிறகு நடுராத்திரியில் பெற்றோரைக் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் சேகரத்திலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம், அக்கா.

பழைய ஆல்டோ

நான் சிறுவயதில் இப்படி ஒரு முகாமுக்குப் போனவள். எந்த ஊர், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. சுரம் தவறினால் எல்லோர் முன்னாலும் முழங்காலில் நிற்க வேண்டும். மாஸ்டர் கையில் ஒரு ஸ்கேல் இருக்கும். அவர் நல்ல இசைக்காரர். அவர் சொல்லிக்கொடுத்த நான்கு குரல் பாட்டுகள் இன்றும் எனக்கு வரி தவறாமல் தெரியும். ஆனாலும் என் தம்பி அந்த முகாமோடு பாட்டை விட்டுவிட்டான். வீட்டில் கேட்டதற்கு, "தொண்டை சரியில்லை" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அருமையான குரல்.

ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் பேராலயச் சிறுவர் பாடகர் குழுவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபு சொல்லிக்கொள்கிற குழு அது. 2017-இல் வெளியான விசாரணை அறிக்கை, 1945-க்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் அங்கே குறைந்தது 547 சிறுவர்கள் வன்முறைக்கு ஆளானார்கள் என்றது. பாலியல் கொடுமை அதில் உண்டு. ஆனால் மிகப் பெரும்பாலோர் அனுபவித்தது அடியும் உதையும். உலகமே வியந்து கேட்ட ஒலி அது. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதை வைத்துப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசி இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நாள் களைப்பு, அரைகுறைத் தூக்கம், மெதுவான பாட்டு, விளக்கை மங்கலாக்கி, "இன்று இரவு உன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுப்பாயா?" என்ற அழைப்பு. ஒன்று அழுதால் எல்லாம் அழும். நானும் அழுதேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

சபை மூப்பர்

அடியையும் முழங்கால் தண்டனையையும் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுபேச்சு இல்லை, மகளே. அது பாவம். ஆனால் கடைசி இரவைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியாது. என் விசுவாசம் அப்படி ஓர் இரவில்தான் தொடங்கியது. எனக்கு அப்போது பத்து வயது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இது சபை நடத்துகிற முகாம். இசைப் பள்ளி நடத்துவது அல்ல. பிள்ளைகள் பாடுகிற வார்த்தை அவர்கள் உள்ளத்தில் இறங்க வேண்டாமா? ஜெபமில்லாத பாடகர் முகாம் எதற்கு?

பழைய ஆல்டோ

ஐயா, ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் தெளிவான மனதோடு ஜெபிக்கட்டும். பாடுகிற கீர்த்தனைக்குப் பொருள் சொல்லிக்கொடுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய தமிழ் புரியாமலே பாடுகிறார்கள். அது உள்ளத்தில் இறங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட பிள்ளையிடம் இரவு பத்து மணிக்கு வாக்குறுதி கேட்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சோல்ஃபா வாத்தியார்

மூப்பர் ஐயா, நாங்கள் கடைசி நாள் ஜெபக் கூடுகையை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், மாலை ஆறு மணிக்கு மாற்றினோம். சேகர குரு ஐயா வந்து பேசுவார். ஒப்புக்கொடுக்க விரும்புகிற பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனிடம் பேசிவிட்டு, பிறகு அவரிடம் வரட்டும் என்று சொல்லிவிடுவார். வருகிறவர்கள் வருகிறார்கள்.

சபை மூப்பர்

அதை நான் ஏற்கிறேன்.

குரல் சிகிச்சைக்காரி

பேச்சு, குரல் சிகிச்சை என் தொழில். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னிடம் வருகிற பிள்ளைகளில், "முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது" என்று பெற்றோர் அழைத்துவருகிறவர்கள் உண்டு. கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் பாடியதால் கட்டியிருக்காது. விளையாட்டில் கத்தியது, பஸ்ஸில் கோஷம் போட்டது, சாப்பாட்டுக் கூடத்தில் இரைச்சலுக்கு மேல் பேசியது, இரவில் விடிய விடியக் கிசுகிசுத்தது. கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தொண்டையை இறுக்கும். அணி பிரித்து, யார் அதிகம் கத்துகிறார்கள் என்று போட்டி வைக்கிற வழக்கத்தைப் பாடகர் முகாமிலாவது விட்டுவிட வேண்டும்.

பாட்டாலும் கெடுதி வரலாம். சுருதி தவறாக வைத்தால். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வசதியான வீச்சு, ஏறக்குறைய ஆர்மோனியத்தின் நடு சி-யிலிருந்து அதற்கு அடுத்த ஸ்தாயியின் டி வரை. பெரியவர்கள் தங்களுக்கு வசதியாகத் தாழ்த்திவைத்த சுருதியில் கீர்த்தனையைப் பாடும்போது, பிள்ளைகள் கீழ்ச் சுரம் எட்டாமல் நெஞ்சிலிருந்து அழுத்திக் கத்துவார்கள். சபையார் அதைக் கேட்டு, "என்ன கம்பீரம்!" என்பார்கள். குரல்நாண்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அவற்றில் சிறு தடிப்புகள் உண்டாகும். பள்ளி வயதில், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், இது அரிதானது அல்ல. பிள்ளைகள் மெல்லிய தலைக்குரலில் பாடுவது பலவீனம் என்று நினைக்கிற மாஸ்டர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

முக்கால் மணி பாடினால் கால் மணி ஓய்வு. கையெட்டும் தூரத்தில் தண்ணீர், மே மாதத்தில் இதைச் சொல்லவே வேண்டாம். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளை உட்கார்ந்து கேட்கட்டும், கேட்பதும் பயிற்சிதான். வந்த பிறகு கரகரப்பு இரண்டு, மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெற்குத் தெரு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இந்துக் குடும்பம். எங்கள் பையன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் போகிறவன். இந்த ஆண்டு முகாமுக்கும் போக வேண்டும் என்கிறான். கூட்டிக்கொண்டு போக அவர்களும் தயார். எனக்குப் பாட்டில் ஆட்சேபணை இல்லை. மற்றவற்றை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அண்டைவீட்டு உறவு கெட்டுவிடக் கூடாது.

மறைக்கல்வி ஆசிரியை

நேராகவே கேளுங்கள், அண்ணன். பாட்டுப் பயிற்சிக்கு மட்டும் அமர்வானா, ஜெப நேரத்தில் அவன் எங்கே இருப்பான், வேதபாட வகுப்பில் சேர்ப்பார்களா என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வழியாக அல்லாமல், நடத்துகிறவர்களிடமே போய்க் கேளுங்கள். எங்கள் பாசறைக்கு இப்படிப் பிள்ளைகள் வருவார்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்தபடி நடந்துகொள்வோம். ஜெப நேரத்தில் அவர்கள் சமையல் கூடத்துப் பாட்டியிடம் பூண்டு உரித்துக்கொண்டு இருப்பதும் உண்டு. எழுதி வாங்கத் தயங்குகிற இடமென்றால் நான் அனுப்பமாட்டேன்.

சட்டம் படித்தவள்

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால், 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அடிப்பதும் அவமானப்படுத்துவதும் பற்றி: 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமைக்குத் தண்டனை சொல்கிறது. முகாம் நடத்துகிறவரும் அந்த மூன்று இரவும் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் கைபேசி எண்ணையும்.

கடலோரத்து அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நடத்துகிறவர்களைப் போய்ப் பார்த்தேன். முதலில் சற்றே முகம் கறுத்தார்கள். பிறகு உட்காரவைத்துப் பேசினார்கள். பெண்பிள்ளைகள் அறையில் இரண்டு ஆசிரியைகள் படுக்கிறார்கள். ஒருவர் என் நாத்தனாருக்குத் தெரிந்தவர். கழிப்பறை முற்றத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. அங்கே விளக்குப் போட்டு, இரவு முழுக்க வெளி வராந்தாவில் ஒரு அம்மாவை இருக்கச் செய்வதாகச் சொன்னார்கள். விளக்கு அணைப்பது ஒன்பதரைக்கு என்று இருந்தது. சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்பது என்று மாற்றினார்கள். கடைசி இரவுக் கூடுகையைப் பற்றிக் கேட்டேன். "சேகர குரு ஐயரிடம் பேசிச் சொல்கிறோம்" என்று நிறுத்திவிட்டார்கள். முதல் இரவு மட்டும் தங்கவைத்துப் பார்க்கலாமா என்றதற்கு, அவள் அழுதால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன் வரும் வரை நான் விழித்திருக்கத்தான் போகிறேன், அது வேறு.

அனுப்புவதாக முடிவு செய்துவிட்டேன். மகளிடம் சொன்னதும், ஆல்டோவா சோப்ரானோவா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

இரவுப்பணிச் செவிலி

எழுதி வாங்கிவிட்டீர்களே, அது பெரிது. ஆனால் கடைசி இரவைப் பற்றிய பதிலும் வந்த பிறகே பணம் கட்டுங்கள். இரவில் போன் வந்தால், நீங்கள் வருகிறேன் என்று அவளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் ஆசிரியையோடு பேசுங்கள். அழுகிற பிள்ளைகளில் பலர் அரைமணியில் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் வயிற்றுவலி, வாந்தி என்று தொடர்ந்தால் வண்டியை எடுங்கள்.

நெல்லை அப்பா

ஒரு சந்தேகம். என் மகனுக்குப் பதின்மூன்று முடிந்திருக்கிறது. குரல் உடைந்துகொண்டிருக்கிறது, பாடும்போது நடுவில் கீச்சென்று மேலே போய்விடும். சோப்ரானோவிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். "இந்த ஆண்டு முகாம் வேண்டாம், குரல் நின்ற பிறகு வரட்டும்" என்கிறார்கள். பையன் அறையைவிட்டு வெளியே வர மறுக்கிறான். பாடினால் குரல் கெட்டுவிடுமா?

குரல் சிகிச்சைக்காரி

கெடாது. அழுத்திப் பாடினால்தான் கெடுதி. குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீண்டு தடிக்கும் காலம் இது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு என்பது தவறு. எந்தச் சுரங்கள் இப்போது சிரமமில்லாமல் வருகின்றன என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, அந்தச் சுரங்களுக்குள்ளேயே பாடவைக்க வேண்டும். பழைய சோப்ரானோ வரியையும் கொடுக்கக் கூடாது. டெனர் பாடுகிற பெரிய ஆண்களோடு நிறுத்திக் கீழே இழுக்கவும் கூடாது.

சோல்ஃபா வாத்தியார்

தம்பியை எடுத்துவிட்டதைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. இந்த வயதில் வெளியே நிறுத்திய பையன்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. பிறகு, "டெனருக்கு ஆள் இல்லை" என்று எல்லாச் சபையும் அலைகிறது. ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்குகிற ஒரு தனி வரியை ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதிக் கொடுத்தால் போதும். மாஸ்டருக்கு ஒரு மாலை வேலை. அவர்களுக்கு எழுத நேரமில்லை என்றால், முகாமில் பாடப் போகிற பாட்டுகளின் பட்டியலையும், பையனுக்கு இப்போது வருகிற சுரங்களையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அண்ணன். சோல்ஃபாவில் நானே எழுதித் தருகிறேன். புதன்கிழமைக்குள் அனுப்பினால் முகாமுக்கு முன் கைக்கு வந்துவிடும்.